தன்வினையில் மூழ்கும் தீவுகள்: ‘உதவி’ என்னும் சொல்லாடலை முன்வைத்து

ஒரு படத்திலிருந்து தொடங்கலாம். 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த பருவநிலை மாநாட்டுக்குத் துவாலு நாட்டின் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சைமன் கோஃபே அனுப்பிவைத்த காணொளி. கோட்டு, டை, பின்னால் கொடிகள், முன்னால் பேச்சு மேடை. எல்லா அமைச்சர்களும் பேசுவதைப் போலத்தான் பேசுகிறார். காமிரா மெல்ல விலகும்போதுதான் தெரிகிறது: மனிதர் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு முழங்காலளவு கடல்தண்ணீரில் நின்றுகொண்டிருக்கிறார். உலகத்துப் பத்திரிகைகள் அத்தனையும் அந்தப் படத்தை வெளியிட்டன. பார்த்தவர்கள் ‘அய்யோ பாவம்’ என்றார்கள். நானும்தான் சொன்னேன்.

கோஃபே கெட்டிக்காரர். துவாலுவைப் பற்றி வெளியுலகம் எந்தப் படத்தை மனதில் வைத்திருக்கிறதோ அதையே திருப்பி எடுத்து அதன் முகத்துக்கு நேரே காட்டினார் என்று அந்தக் காணொளியை வாசிக்கலாம். ஆனால் பிரதி எழுதியவர் கையில் நிற்பதில்லை என்பது நமக்குத் தெரிந்த விஷயம். சுற்றுக்கு வந்தபிறகு அந்தப் படம் வேறொரு வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டது. படத்தில் கடல் இருக்கிறது, மனிதர் இருக்கிறார். நிலக்கரி இல்லை, எரிவாயு இல்லை, கப்பல் கப்பலாக அவற்றை ஏற்றுமதி செய்கிற துறைமுகம் இல்லை. ஒரு பக்கம் இயற்கை, மறுபக்கம் அதன் முன் கையறுநிலையில் ஒரு மனிதன். இந்த இருமையிலிருந்து ‘அய்யோ பாவம்’ பிறக்கிறது. ‘அய்யோ பாவ’த்திலிருந்து ‘உதவி’ பிறக்கிறது. உதவியிலிருந்து புராஜெக்ட் பிறக்கிறது.

‘சிறிய தீவு நாடுகள் பருவநிலை மாற்றத்துக்குத் தங்களைத் தகவமைத்துக்கொள்ள உதவுதல்.’ கடந்த முப்பது வருடங்களில் வந்த அறிக்கைகளில் இந்த வாக்கியத்தை ஏதாவது ஒரு வடிவத்தில் பார்க்காமல் தப்பிக்க முடியாது. நல்ல வாக்கியம் மாதிரிதான் இருக்கிறது. யார் இதை மறுக்கப்போகிறார்கள்? ஆனால் நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த தன்வினை, பிறவினை பாடத்தை ஒருமுறை ஞாபகப்படுத்திக்கொண்டு இதைப் படித்துப் பாருங்கள். பருவநிலை மாறுகிறது. கடல்மட்டம் உயர்கிறது. தீவு மூழ்குகிறது. மக்கள் இடம்பெயர்கிறார்கள். எல்லாமே தன்வினை. மாற்றுகிறவர், உயர்த்துகிறவர், மூழ்கடிக்கிறவர், இடம் பெயர்க்கிறவர் யாரும் வாக்கியத்துக்குள் இல்லை. எல்லாம் நடந்து முடிந்து, தீவுக்காரன் தண்ணீரில் நிற்கும்போது, ‘உதவுதல்’ என்ற வினையோடு ஓர் எழுவாய் மெதுவாக உள்ளே நுழைகிறது. மூழ்கடித்தவராக எங்கேயும் தோன்றாத அதே ஆசாமி இப்போது உதவுகிறவராகத் தோன்றுகிறார். இந்த இலக்கண ஏற்பாட்டைத்தான் நான் சொல்லாடல் என்கிறேன். சும்மா வார்த்தை விளையாட்டு இல்லை. எழுவாய் இல்லாத வினைக்குப் பொறுப்பேற்க ஆள் கிடையாது. பொறுப்பு இல்லாத இடத்தில் ஈடு கேட்க முடியாது, உதவிதான் கேட்க முடியும்.

(தமிழர்களாகிய நமக்கு இந்த இலக்கணம் வெகு சுலபமாகப் பிடித்துப்போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘கடல் கொண்டது’ என்பது நம் மொழியில் பழைய சொல். குமரிக்கண்டத்தைக் கடல் கொண்டதாகச் சொல்லி ஒரு நூற்றாண்டாக நாம் உருகிக்கொண்டிருக்கிறோம். கடலே எழுவாயாக இருக்கிற வாக்கியத்தின் முன்னால் நாம் கேள்வி கேட்பதில்லை, கண்ணீர் விடுகிறோம்.)

‘தகவமைத்துக்கொள்ளல்’ என்ற சொல்லும் வெறுமனே வந்துவிடவில்லை. உயிரியலிலிருந்து வருகிறது. சூழல் மாறும், உயிரி தன்னை மாற்றிக்கொள்ளும், மாற்றிக்கொள்ளாதது அழியும். டார்வின் பெயரோடு சேர்த்து நாம் படித்தது. வேடிக்கை என்னவென்றால், துவாலுவின் தலைநகரான ஃபுனாஃபுட்டி பற்றிய மேற்கத்திய அறிவின் வரலாற்றிலும் டார்வின் நேரடியாகவே இருக்கிறார். பவழ வளையத்தீவுகள் எப்படி உண்டாகின்றன என்று 1842இல் அவர் ஒரு கோட்பாடு சொன்னார். எரிமலைத் தீவு மெல்ல மெல்லக் கடலுக்குள் இறங்குகிறது. அதன் விளிம்பில் இருக்கும் பவழம் வெளிச்சத்தை நோக்கி மேலே வளர்ந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் தீவு மறைந்துபோய் நடுவில் காயலும் சுற்றிலும் பவழப் பாரும் மிஞ்சுகின்றன. இது சரியா என்று பார்க்க லண்டன் ராயல் சொசைட்டி 1896, 97, 98 ஆகிய மூன்று வருடங்களும் ஃபுனாஃபுட்டிக்கு ஆளனுப்பித் துளையிட்டது. 1,114 அடிவரை போனார்கள். அதுவரையும் பவழப்பாறைதான், எரிமலைப் பாறை தட்டவில்லை. அது தட்டியது 1952இல், மார்ஷல் தீவுகளின் எனிவெடாக்கில், அமெரிக்கர்கள் துளையிட்டபோது. அதே வருடம் அதே எனிவெடாக்கில்தான் முதல் ஹைட்ரஜன் குண்டையும் வெடித்தார்கள்.

இந்தக் கதையை நான் சொல்வது அறிவியலைக் கேலி செய்வதற்காக அல்ல. ஃபுனாஃபுட்டி வெளியுலகின் அறிவுக்குள் நுழைந்ததே ‘மூழ்குதல்’ என்ற கேள்விக்கான பரிசோதனைக் கூடமாகத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே குடியிருந்தவர்கள் கேள்விக்கு வெளியே இருந்தார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டார்வின் சொன்னதில் பாதியைத்தான் இன்றைய படங்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. இறங்குவது ஒரு பாதி, வளர்வது மறுபாதி. பவழத்தீவு என்பது கல்லால் ஆன தட்டு அல்ல. உயிருள்ள பார், அது உடைந்து பொடியாகிற மணல், அலை, புயல் இவை சேர்ந்து நகர்த்திக்கொண்டே இருக்கிற ஒரு நிகழ்வு. நியூசிலாந்தைச் சேர்ந்த பால் கெஞ்சும் அவரது குழுவினரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு துவாலுவின் 101 திட்டுகளின் பழைய வான்படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டது. 1971இலிருந்து 2014க்குள் நாட்டின் மொத்த நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருந்தது. இத்தனைக்கும் அங்கே கடல்மட்டம் அந்தக் காலத்தில் உலகச் சராசரியைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் உயர்ந்துகொண்டிருந்தது.

இந்த ஆய்வு வந்தவுடன் என்ன நடந்தது? பருவநிலை மாற்றமே பொய் என்கிற கூட்டம் ‘பார்த்தாயா, தீவு வளர்கிறதாம்’ என்று குதித்தது. துவாலு அரசு கோபப்பட்டது. உதவி நிறுவனங்கள் பக்கத்தில் சங்கடமான மௌனம். என்னைக் கேட்டால் மூன்று தரப்புக்கும் தீவைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: மூழ்குகிறதா, இல்லையா? பரப்பு கூடினாலும் நிலத்தடியில் மெல்லிய படலமாக மிதக்கும் நல்ல தண்ணீர் உப்பாகலாம். சேம்பு இனத்தைச் சேர்ந்த புலாகா கிழங்கை அவர்கள் நிலத்தைத் தோண்டிக் குழிகளில்தான் பயிரிடுகிறார்கள். குழியில் உப்பு ஏறினால் கிழங்கு அழுகும். திட்டு இடம் நகர்ந்துவிட்டது என்பதற்காக வீடும் கூடவே நகர்ந்துவிடுமா? 2011இல் துவாலு அவசரநிலை அறிவித்தது வெள்ளத்துக்காக அல்ல. மழை பொய்த்துத் தொட்டிகள் வறண்டு குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனதற்காக. அதைப் படம் எடுப்பது கஷ்டம். காலித் தொட்டி உலகத்தின் இதயத்தைத் தொடாது போலிருக்கிறது.

தண்ணீர் நிற்கிற இடங்களுக்கே வருவோம். ஃபுனாஃபுட்டியின் பிரதான திட்டான ஃபோங்காஃபாலேயில் பெரிய ஓதம் வரும்போது தரைக்கடியிலிருந்து தண்ணீர் பொங்கி வீட்டு வாசல்களில் நிற்கிறது. நிருபர்கள் விரும்பிப் படமெடுக்கும் காட்சி. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007இல் பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள்: அப்படி நீர் நிற்கும் பகுதிகளில் பல, முன்பு சதுப்பாக இருந்தவை. 1942–43இல் ஜப்பானோடு நடந்த போருக்காக அமெரிக்கப் படை அங்கே விமான ஓடுதளம் போட்டது. தென்னை மரங்கள் வெட்டப்பட்டன, புலாகாக் குழிகள் மூடப்பட்டன, ஓடுதளத்துக்கு வேண்டிய பவழக்கல்லைத் தீவிலேயே தோண்டி எடுத்தார்கள். தோண்டிய பள்ளங்களுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரின் பொருள் ‘இரவல் குழி’. இரவல் வாங்கியவர்கள் போர் முடிந்து போய்விட்டார்கள். பள்ளங்களில் கடல்தண்ணீரும் குப்பையும் நிரம்பின. அவற்றின் ஓரத்திலேயே ஜனங்கள் குடிசை போட்டுக்கொண்டு இருந்தார்கள். கடைசியில் 2015இல் நியூசிலாந்தின் உதவியோடு காயல் மணலைக் கொண்டு நிரப்பினார்கள். எழுபது வருடம் கழித்து இரவல் திரும்பி வந்தது, வேறொருவர் பெயரில், ‘உதவி’ என்ற தலைப்பில்.

பருவநிலை மாற்றம் இல்லை என்று நான் வாதாடுகிறேன் என்று யாராவது முடிவுகட்டிவிட வேண்டாம். கடல் உயர்கிறது, உயர்த்தப்படுகிறது. நான் சொல்வது, அந்தத் தண்ணீர் ஏற்கனவே பள்ளம் பறிக்கப்பட்ட நிலத்தில்தான் ஏறுகிறது என்பதை. பறித்த கதையைச் சொல்லாமல் ஏறுகிற கதையை மட்டும் சொல்வதுதான் ‘மூழ்கும் தீவு’ என்ற கதையாடல். 1863இல் பெரு நாட்டு அடிமைக் கப்பல்கள் ஃபுனாஃபுட்டியிலிருந்தும் நுகுலைலையிலிருந்தும் நூற்றுக்கணக்கானவர்களை ஏமாற்றி ஏற்றிக்கொண்டு போனதையும் சேர்த்துக்கொண்டால், ‘பலவீனமான சிறிய நாடு’ என்கிற பலவீனம் எங்கே உற்பத்தியானது என்பது புரியும்.

‘சிறிய’ என்ற அடைமொழியைப் பற்றி டோங்கா நாட்டு எழுத்தாளரும் மானுடவியலாளருமான எபெலி ஹவ்ஓஃபா 1993இல் ஒரு கட்டுரை எழுதினார். பசிபிக் மக்களைச் சிறியவர்களாக்கியது கடல் அல்ல, கடலின் குறுக்கே கோடு போட்ட காலனியமும் அதன் பிறகு வந்த வளர்ச்சிப் பொருளாதாரமும்தான் என்பது அவர் வாதம். நிலத்தை மட்டும் எண்ணினால் புள்ளிகள். கடலையும் சேர்த்து எண்ணினால், படகோட்டிக்கொண்டு உறவும் பண்டமும் பரிமாறிக்கொண்ட ஒரு பரந்த உலகம். சொந்த மாணவர்களிடம் ‘நாம் சிறியவர்கள், வழியில்லாதவர்கள்’ என்று தானே பாடம் நடத்திக்கொண்டிருந்ததைப் பார்த்து வெட்கப்பட்டுத்தான் அதை எழுதியதாகச் சொல்கிறார். இந்த வெட்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. நம் விமரிசகர்களிடம் அபூர்வம்.

சரி, இடம்பெயர்வதற்கு வருவோம். தகவமைப்பின் கடைசிக் கட்டமாக இப்போது எல்லா அறிக்கைகளும் ‘திட்டமிட்ட இடமாற்றம்’ என்பதைப் பற்றிப் பேசுகின்றன. ஏதோ புதிய, இதுவரை மனிதகுலம் காணாத ஒரு பிரச்சினை போல. பிஜி நாட்டின் வனுவா லெவு தீவின் கிழக்குப் பகுதி, தகௌந்ரோவே மாகாணம் (நம்ம ஆட்களுக்குத் தெரிந்த லம்பாசா சர்க்கரை ஆலை இதே தீவின் வடபுறம்தான். 1903க்குப் பிறகு சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றி அனுப்பப்பட்ட தமிழர்கள் வெட்டிய கரும்பும் அங்கே அரைக்கப்பட்டது). அந்த ஒரு மாகாணத்துக்குள்ளேயே இடமாற்றத்தின் நாலு வரலாறுகள் கிடக்கின்றன. அறிக்கை எழுதுகிறவர்கள் அங்கே ஒருமுறை போய்வந்தால் போதும்.

முதலாவது ரம்பி. இங்கே இருப்பவர்கள் பனாபா தீவுக்காரர்கள். பனாபா இன்று கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்தது, ஆறு சதுர கிலோமீட்டர் பரப்பு. 1900இல் ஆல்பர்ட் எல்லிஸ் என்பவர் அது முழுக்கப் பாஸ்பேட் என்று கண்டுபிடித்து, வருடத்துக்கு ஐம்பது பவுனுக்கு 999 வருடக் குத்தகை எழுதி வாங்கினார். வாசகர்கள் பூஜ்யத்தைச் சரிபார்க்க வேண்டாம், அச்சுப்பிழை இல்லை. அதன் பிறகு 1979வரை தோண்டினார்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்று அரசுகளும் கூட்டாக நடத்திய பாஸ்பேட் ஆணையம் தோண்டியது. அந்த மண் உரமாகி ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மேய்ச்சல் நிலங்களுக்குப் போனது. பனாபா வழிவந்த ஆய்வாளர் கதெரினா தெயைவா 2014இல் எழுதிய நூல் இந்தப் பயணத்தைத்தான் பின்தொடர்கிறது. மூழ்குவதற்கு முன்பே ஒரு தீவு கப்பலேறிப் போய்விட்ட கதை.

போர்க்காலத்தில் ஜப்பான் பனாபாவைப் பிடித்தது. ஜனங்களைப் பல தீவுகளுக்குச் சிதறடித்தது. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் நிர்வாகம் அவர்களைத் திரட்டி, ‘உங்கள் வீடுகள் எல்லாம் அழிந்துவிட்டன’ என்று சொல்லி, 1945 டிசம்பர் 15ஆம் தேதி ரம்பியில் கொண்டுவந்து இறக்கியது. புயல் பருவம். கையில் கூடாரமும் இரண்டு மாதச் சாப்பாடும். ரம்பியை வாங்கியது யார் பணத்தில் என்று கேட்டால், பனாபா மக்களின் பாஸ்பேட் பங்குப் பணத்தில். அவர்களுடைய மண்ணை விற்று வந்த பணத்தில் ஒரு பகுதியை வைத்து அவர்களுக்கே வேறு மண் வாங்கி அதற்கு மீள்குடியேற்றம் என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் திரும்பிப்போகாத பனாபாவில் தோண்டுவது இன்னும் சுலபமாக நடந்தது. எழுபதுகளில் லண்டன் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு இருநூறு நாட்களுக்கு மேல் நடந்தது. நீதிபதி மெகாரி பனாபாவுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 1976இல் தீர்ப்பு. அரசுக்கு இருந்தது சட்டப்படி வற்புறுத்தக்கூடிய அறங்காவல் பொறுப்பு அல்ல, அதைவிட ‘உயர்ந்த’ பொருளிலான ஆட்சிப் பொறுப்பு, அதைக் கோர்ட்டில் நிறைவேற்றவைக்க முடியாது என்றார். உயர்ந்த பொறுப்பு! அது உயர உயரக் கைக்கு எட்டாமல் போனது.

ரம்பிக்கு அருகிலேயே கியோவா என்ற சின்னத் தீவு. இது இரண்டாவது வரலாறு. இங்கே இருப்பவர்கள் துவாலுவின் வைடுபு தீவிலிருந்து வந்தவர்கள். போர்க்காலத்தில் அமெரிக்கர்களிடம் வேலை செய்து சேர்த்த கூலிப் பணத்தில் வைடுபு ஜனங்கள் இந்தத் தீவை விலைக்கு வாங்கினார்கள். 1947இல் முதல் குடும்பங்கள் வந்து குடியேறின. வைடுபு அப்போது மூழ்கிக்கொண்டிருக்கவில்லை. யாரும் வெளியேற்றவும் இல்லை. பின்னால் இடம் போதாமல் போகலாம் என்று தங்களுக்குள் பேசி, தங்கள் காசில், தாய்த்தீவை விடாமலேயே இன்னொரு கால் ஊன்றிக்கொண்டார்கள். ஹவ்ஓஃபா சொன்ன கடல் உலகத்தின் பழைய வழக்கம் அது. இதையும் தகவமைப்பு என்று சொல்லலாமென்றால் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் எந்த அறிக்கையும் கியோவாவை ‘உதவி’க்கு உதாரணமாகக் காட்ட முடியாது. இலட்சியமாக்கிவிடவும் கூடாது. கியோவாக்காரர்களுக்கும் ரம்பிக்காரர்களுக்கும் பிஜியின் குடியுரிமை கிடைத்தது 2005இல்தான். வாங்கிய மண்ணில் அரைநூற்றாண்டு அந்நியர்களாக இருந்தார்கள்.

மூன்றாவது, 2014இல் கிரிபாட்டி அரசு இதே மாகாணத்தில் இங்கிலாந்துத் திருச்சபையிடமிருந்து விலைக்கு வாங்கிய சுமார் இருபது சதுர கிலோமீட்டர் நிலம். அன்றைய அதிபர் அனோட்டே டோங் ‘கண்ணியத்தோடு இடம்பெயர்தல்’ என்று ஒரு கொள்கையை முன்வைத்திருந்தார். மூழ்கும் நாடு வேறு நாட்டில் நிலம் வாங்குகிறது என்று உலகமே எழுதியது. அந்த நிலத்தில் ஏற்கனவே ஒரு கிராமம் இருந்ததை எழுதியவர்கள் குறைவு. அவர்கள் சாலமன் தீவுகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டக்கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள். திருச்சபையின் அனுமதியில் பல தலைமுறையாக அங்கே இருந்தவர்கள். ஓர் இடப்பெயர்வின் தலையில் இன்னோர் இடப்பெயர்வு. டோங்குக்குப் பிறகு 2016இல் வந்த அரசு நாங்கள் எங்கேயும் போவதாக இல்லை என்று பேச்சையே மாற்றிக்கொண்டது.

நாலாவதாக வுனிதோகொலோவா என்ற பிஜிக் கிராமம். 2014இல் கடற்கரையிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் உள்ளே, தங்கள் குலத்துக்குச் சொந்தமான மேட்டுநிலத்துக்கே நகர்ந்தது. அரசு பணம் கொடுத்தது, மரம் ஊர்க்காரர்களுடையது. போனது யார் மண்ணுக்கு என்ற கேள்விக்கு இங்கே மட்டும்தான் நேரான பதில் இருக்கிறது. இந்த நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, எவ்வளவு உதவி வந்தது என்பதைவிட முடிவு யார் கையில் இருந்தது, போகும் இடத்து மண் யாருடையது என்பவைதான் வித்தியாசத்தை உண்டாக்கியிருக்கின்றன.

இப்போது துவாலுவுக்குத் திரும்பலாம். 2023 நவம்பரில் ஆஸ்திரேலியாவும் துவாலுவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. பெயர் ‘ஃபலெபிலி ஒன்றியம்’. ஃபலெபிலி என்பது துவாலு மொழிச் சொல். பக்கத்து வீட்டை நம் வீடு போலப் பார்த்துக்கொள்ளும் அண்டை உறவு என்று அர்த்தம். வருடத்துக்கு 280 துவாலு மக்கள் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம், குலுக்கல் முறையில் தேர்வு. கடல் எவ்வளவு ஏறினாலும் துவாலு ஒரு நாடாகத் தொடரும் என்பதை ஆஸ்திரேலியா ஏற்கிறது. இந்த இரண்டாவது அம்சம் முக்கியமானது. அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. கூடவே நாலாவது ஷரத்தில் இன்னொன்று இருக்கிறது: பாதுகாப்பு தொடர்பாக வேறெந்த நாட்டோடு துவாலு உடன்பாடு செய்வதானாலும் ஆஸ்திரேலியாவின் இசைவு வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ஆபத்தில் அடைக்கலம் தருகிறார், பதிலுக்கு உங்கள் வீட்டுக்கு யார் வந்துபோகலாம் என்பதை அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஃபலெபிலி என்ற சொல்லுக்கு இந்த அர்த்தமும் முன்பே இருந்ததா என்பதைத் துவாலு மொழி தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இதே ஆஸ்திரேலியா உலகத்தின் மிகப் பெரிய நிலக்கரி, எரிவாயு ஏற்றுமதியாளர்களில் ஒன்று. பனாபாவின் மண் போய்ச் சேர்ந்த நாடும் இதுதான். ஒரு நாடு இன்னொரு தீவின் மண்ணைத் தின்று வளர்கிறது. வளர்ந்த செல்வத்தில் நிலக்கரி வெட்டுகிறது. வெட்டியது எரிந்து கடல் உயர்கிறது. பிறகு அண்டைத் தீவின் மக்களுக்கு விசா கொடுக்கிறது. கொடுக்காமல் இருப்பதைவிடக் கொடுப்பது மேல், வாஸ்தவம்தான். ஆனால் இதற்குப் பெயர் ‘உதவி’யா?

இந்த இடத்தில் மார்க்சிய நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். “எல்லாத்தையும் சொல்லாடல்னு சொல்லிட்டுப் போயிடறீங்க. அங்க தண்ணி ஏறுது. சுவர் கட்டணுமா வேண்டாமா?” கட்டணும். இதில் எனக்குத் தடுமாற்றமே இல்லை. ஃபோங்காஃபாலேயில் பசுமைப் பருவநிலை நிதியின் 36 மில்லியன் டாலரை முக்கிய ஆதாரமாகக் கொண்ட திட்டத்தில் காயல் மணலை அள்ளி 780 மீட்டர் நீளத்துக்கு ஏழு ஹெக்டேருக்கு மேல் புதுநிலம் எழுப்பியிருக்கிறார்கள். 2023 கடைசியில் முடிந்தது. இந்த நூற்றாண்டு தாண்டியும் கடலுக்கு மேல் இருக்கும்படி உயரம் கணக்கிட்டிருக்கிறார்கள். நிலமே அபூர்வமாக இருக்கிற இடத்தில் இது பெரிய காரியம். நகர்ந்துகொண்டிருக்கும் திட்டைச் சுவரால் நிறுத்தினால் அதற்கு வேறு விளைவுகள் உண்டு என்பது சரிதான். ஆனால் அந்த வாதத்தை இங்கே நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அங்கே சாயங்காலங்களில் பிள்ளைகள் பந்து விளையாட வேறு இடமில்லாமல் விமான ஓடுதளத்தில்தான் விளையாடுகிறார்கள். மண் வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் மண்ணின் நிலையின்மை பற்றித் தத்துவம் பேச முடியாது.

ஆக, சுவரைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. ரசீதைப் பற்றித்தான். தமிழில் ‘கடன்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. வாங்கியதைத் திருப்பித் தரவேண்டியதும் கடன், செய்தே ஆகவேண்டியதும் கடன். பருவநிலை நிதி என்று பணக்கார நாடுகள் உலகத்துக்குக் கொடுத்ததாகக் காட்டும் அரசுப் பணத்தில் பெரும்பகுதி முதல் பொருளில் கடன், வட்டியோ தவணையோ உண்டு. இரண்டாம் பொருளிலான கடன் அவர்களுடையதாக இருக்கும்போது முதல் பொருளிலான கடன் ஏழை நாடுகளின் கணக்கில் ஏறுகிறது. இது தெரியாமல் நடக்கிற காரியம் அல்ல. 1991லேயே சிறு தீவுநாடுகளின் கூட்டணி சார்பாக வனுவாட்டு, கடலேற்றத்தால் நேரும் இழப்புக்கு ஈடு தர ஒரு காப்பீட்டு நிதி வேண்டுமென்று, பணக்கார நாடுகள் தங்கள் பங்குக்கேற்பப் பணம் போட வேண்டுமென்று கேட்டது. 2015இல் பாரிஸ் உடன்பாடு வந்தபோது, இழப்பும் சேதமும் பற்றிய பிரிவு பொறுப்பேற்பதற்கோ ஈட்டுக்கோ அடிப்படை ஆகாது என்று கூடவே நிறைவேற்றிய தீர்மானத்தின் 51ஆவது பத்தியில் எழுதிவைத்துக்கொண்டார்கள். முந்நூறு பேர் உட்கார்ந்து நிதானமாக ஒரு வாக்கியத்திலிருந்து எழுவாயை நீக்குவதைப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்தப் பத்தியைப் படிக்கலாம்.

அந்த எழுவாயைத் திரும்ப வாக்கியத்துக்குள் கொண்டுவரும் வேலையைப் பசிபிக் ஆட்களே செய்துகொண்டிருக்கிறார்கள். 2019இல் வனுவாட்டு வளாகத்தில் படித்த சட்ட மாணவர்கள் சிலர் தொடங்கிய இயக்கம் அது. அவர்கள் வனுவாட்டு அரசைத் தள்ளினார்கள், அரசு ஐ.நா. பொதுச்சபையைத் தள்ளியது. 2023 மார்ச்சில் சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கும் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜூலை 23ஆம் தேதி நீதிமன்றம் கருத்துச் சொன்னது. பருவநிலையைக் காக்கும் கடமை சட்டக் கடமை. மீறினால் முழு ஈடும் அதில் அடங்கலாம். எரிபொருள் உற்பத்திக்கு அனுமதி கொடுப்பதும் மானியம் கொடுப்பதும்கூட மீறலாகலாம். இதில் யாரையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பு இல்லை, ஆலோசனைக் கருத்துதான். அன்று மெகாரி சொன்ன கைக்கெட்டாத ‘உயர்ந்த’ பொறுப்பை இது கொஞ்சம் கீழே இறக்கியிருக்கிறது.

அதற்கு ஐந்து நாள் முன்னால், ஜூலை 18இல், ஃபலெபிலி விசாவுக்கான முதல் குலுக்கலின் பதிவு முடிந்தது. சுமார் பத்தாயிரம் பேர் வசிக்கும் நாட்டிலிருந்து, குடும்பத்தினரையும் சேர்த்து, எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் பதிவாகியிருந்தன. நீதிமன்றக் கருத்து வந்த இரண்டாவது மாதம், செப்டம்பரில், தன் வடமேற்குக் கடற்கரையின் பெரிய எரிவாயுத் திட்டத்தை 2070வரை நடத்திக்கொள்ள ஆஸ்திரேலிய அரசு இறுதி அனுமதி கொடுத்தது. குலுக்கலில் வருடத்துக்கு 280 பேர் என்றால் பத்தாயிரம் பேர் போய்ச் சேர முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆகும். கடைசி ஆள் விமானம் ஏறும்போதும் அந்த எரிவாயுக் குழாய்க்கு அனுமதிக் காலம் மிச்சமிருக்கும்.